அரிசி மூட்டை மேல் காற்று டேங்க்



நமது சங்க இதழில் வழக்கமாக வரி, லைசென்ஸ், தராசு முத்திரை, ஆன்லைன் கம்பெனிகளால் சில்லறை வியாபாரத்துக்கு வரும் பாதிப்பு இவற்றைப் பற்றித்தான் எழுதி வருகிறோம். அவை வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் எல்லோருடைய கடை வாசலிலும் தினந்தோறும் நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதாக நினைவில்லை. நம் சரக்கு வருகிற அதே குட்டி யானையில் மற்றவர்களுடைய கேஸ் சிலிண்டரும், பஞ்சர் கடைக்காரரின் காற்று டேங்கும் கட்டாமல் கிடந்து வருகிற காரியத்தைத்தான் சொல்கிறோம்.

பொத்தேரியைப் பற்றித் தெரியாத அன்பர்களுக்காக இரண்டு வரி. ஒரு பக்கம் ரயில் நிலையம், அதை ஒட்டிப் பெரிய பல்கலைக்கழகம், நடுவில் ஜி.எஸ்.டி. சாலை. (வரியைச் சொல்லவில்லை, வரி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்தப் பெயரோடு இருக்கிற கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டைச் சொல்கிறோம்.) மாணவர் விடுதிகள், மெஸ்கள், டீக்கடைகள், பேக்கரிகள், ஜூஸ் கடைகள் என்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இவற்றுக்கெல்லாம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் போடுகிற மொத்தக் கடைகளில் நம்முடையதும் ஒன்று. ஊரப்பாக்கத்திலிருந்து மறைமலைநகர் வரை சாலையின் இருமருங்கிலும் டயர் கடை, பஞ்சர் கடை, வெல்டிங் பட்டறை, வாட்டர் சர்வீஸ். இத்தனை பேருக்கும் சாமான் ஏற்றி இறக்குவது அதே பத்துப் பதினைந்து சின்ன வண்டிகள்தான்.

முன்பெல்லாம் மீன்பாடி வண்டியும் டிரைசைக்கிளும் இருந்தன. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். சிறு வியாபாரிக்கு அது பெரிய உபகாரம் என்பதில் சந்தேகமில்லை. முக்கால் டன் சரக்கை ஏற்றிக்கொண்டு எந்தச் சந்திலும் நுழைந்து விடும். ஆனால் ஒரே ஆளுடைய சரக்கால் அந்த முக்கால் டன் நிரம்புவதில்லை. அரை வண்டி நமக்கு, கால் வண்டி மெஸ்காரருக்கு, மிச்ச இடத்தில் வழியில் கிடைத்தது எதுவோ அது. வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வதால் எல்லோருக்கும் லாபம். நாமும் பல வருஷமாக அப்படித்தான் செய்து வந்தோம்.

2023 மே மாதம், கத்திரி வெயில் நேரம். கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து நமக்கு 25 கிலோ அரிசிப் பை இருபதும், கொஞ்சம் எண்ணெய் டின்னும் வர வேண்டியிருந்தது. வண்டி கிளம்பும்போது டிரைவர் போன் செய்தார். "அண்ணாச்சி, வழியில ஒரு பஞ்சர் கடை கம்ப்ரஸர் ரிப்பேர் முடிஞ்சு நிக்குது. சோடாக் கடை சிலிண்டர் ஒண்ணும் இருக்கு. ஏத்திக்கிறேன், உங்க வாடகையில நூறு ரூபா குறைச்சுக்குங்க" என்றார். நாம் சரி என்றோம். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. கல்லாவில் கூட்டம், ஒரு காதில் போன், கை சில்லறை எண்ணிக்கொண்டிருந்தது. ஆனாலும் சரி என்று சொன்னது நாம்தான்.

அரிசிப் பைகளுக்கு மேல் சிலிண்டரைப் படுக்க வைத்து, பின் கதவை ஒட்டிக் கம்ப்ரஸரை நிற்க வைத்து, ஒரு பிளாஸ்டிக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். கம்ப்ரஸருக்கும் மூட்டைக்கும் நடுவில் நம் லோடுமேன் பையன் உட்கார்ந்திருந்தான். பட்டறையில் ஓட்டிப் பார்த்ததில் நிரம்பிய காற்று டேங்கிலேயே இருந்தது. "சாமான் ஆடினா பிடிச்சுக்கோ" என்பதுதான் பையனுக்குச் சொல்லியிருந்த பாதுகாப்பு ஏற்பாடு. நூறு கிலோவுக்குக் குறையாத இரும்பை இருபது வயதுப் பிள்ளை கையால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்!

பொத்தேரிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பைக் குறுக்கே திரும்பியது. டிரைவர் பிரேக் போட்டார். தப்பு அவருடையது இல்லை. போட்டிருக்காவிட்டால் அந்தப் பைக்காரன் பிழைத்திருக்க மாட்டான். கயிறு அறுந்தது. கம்ப்ரஸர் முன்னால் சாய்ந்து பையனின் வலது காலின் மேல் விழுந்தது. சிலிண்டர் மூட்டை மேலேயே உருண்டு போய் கேபினின் பின் தகட்டில் மோதி நின்றது. வால்வுக்கு மூடி இல்லை. தகட்டில் பட்டது சிலிண்டரின் தோள்பட்டை. வால்வு பட்டிருந்தால் கதை வேறு. பிறகு அளந்து பார்த்தோம், இரண்டு விரல்கடை வித்தியாசம்.

காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். நான்கு மாதம் வீட்டில் கிடந்தான். ஆஸ்பத்திரிச் செலவை நாமும் வண்டிக்காரருமாகப் பங்கிட்டுக் கொடுத்தோம். நூறு ரூபாய் மிச்சம் பிடித்த சவாரி அது.

அதற்குப் பிறகுதான், இந்தக் காற்று என்ன பொருள், அதை எப்படி ஏற்ற வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்தோம். வெல்டிங் பட்டறைக்காரர், ஆக்ஸிஜன் சப்ளை செய்கிறவர், எஞ்சினியரிங் படித்த நம் வீட்டுப் பிள்ளை, எல்லோரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் பாஷையிலேயே சொல்கிறோம்.

கார் டயரில் சுமார் 32 பவுண்டு காற்று அடிக்கிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு இரண்டே கால் கிலோ என்று அதற்குக் கணக்கு. பஞ்சர் கடை கம்ப்ரஸர் டேங்கில் எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோ வரை இருக்கும். ஆக்ஸிஜன் சிலிண்டரை நிரப்பும்போது அது ஏறத்தாழ நூற்றைம்பது கிலோ. அதாவது நம் கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில் இரண்டு 75 கிலோ மூட்டை ஏறி நிற்கிற பாரம், சிலிண்டரின் உள்பக்கம் முழுவதும், ராத்திரி பகல் எந்நேரமும்.

நூற்றைம்பது எங்கே, பத்து எங்கே, பஞ்சர் கடைக் காற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றுதான் நாமும் நினைத்தோம். பிள்ளை ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். 160 லிட்டர் டேங்கில் பத்து கிலோ காற்று இருந்தால், அது ஒரேயடியாக வெளியே வரும்போது உண்டாகிற சக்தி, ஒரு 75 கிலோ மூட்டையை இருநூறு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் உண்டாவதற்குக் குறையாதாம். இருநூறு மீட்டர் என்றால் அறுபது மாடி. தண்ணீர் அழுத்தத்தில் இருந்தாலும் விரிசல் விட்டால் கசிந்து நின்றுவிடும். காற்று அப்படியில்லை, சுருட்டி வைத்த ஸ்பிரிங் மாதிரி. அதனால்தான் சிலிண்டரைப் பரிசோதனை செய்யும்போது காற்று நிரப்பாமல் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கிறார்கள்.

கம்ப்ரஸர் டேங்குக்கு இன்னொரு வியாதி உண்டு. காற்றோடு ஈரமும் உள்ளே போய்த் தண்ணீராகி அடியில் தங்கும். நம் சென்னைப் பக்கத்துக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அடியில் இருக்கிற குழாயைத் திறந்து தினமும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எத்தனை பஞ்சர் கடையில் செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும், உள்ளே துருப்பிடித்துத் தகடு அப்பளமாகியிருக்கும். அப்படிப்பட்ட டேங்கைக் காற்றோடு வண்டியில் ஏற்றி, பள்ளம் மேட்டில் குலுக்கி, கீழே தள்ளியும் விட்டால் என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சோடாக் கடைக்கு வருகிற கரியமில வாயு சிலிண்டர் இன்னொரு மாதிரி. உள்ளே பாதிக்கு மேல் திரவமாக இருக்கும். இருபது டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் ஐம்பத்தேழு கிலோ அளவு. வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். முப்பத்தோரு டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற நிலையே கிடையாது, எல்லாம் இறுகிய வாயுதான். நம் ஊரில் மே மாதம் நாற்பது டிகிரி நிழலிலேயே வருகிறது. வெயிலில் நிற்கிற வண்டியின் இரும்புத் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தத் தகட்டின் மேல்தான் சிலிண்டர் கிடக்கிறது.

"எரியாத வாயுதானே, என்ன பயம்" என்று கேட்கிற அன்பர்களுக்குத் திருச்சியை நினைவுபடுத்துகிறோம். 2022 அக்டோபரில் அங்கே கடைவீதியில் பலூன் வியாபாரி ஒருவரின் ஹீலியம் சிலிண்டர் வெடித்தது. ஹீலியம் எரியவே எரியாத வாயு. ஆனாலும் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். தீயே வேண்டாம், அழுத்தம் ஒன்றே போதும். பண்டிகை வியாபாரத்துக்காகக் கூடிய கூட்டம் அது. நம்முடைய வாடிக்கையாளர்களைப் போன்ற ஜனங்கள்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சிலிண்டர்களுக்கென்று மத்திய அரசு விதிகள் இருக்கின்றன. 2004-ல் போட்ட விதிகளை மாற்றி 2016-ல் புதிய எரிவாயு உருளை விதிகள் வந்தன. மூலம் 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டம். நாக்பூரில் தலைமை அலுவலகம் உள்ள வெடிபொருள் பாதுகாப்புத் துறை இதைக் கவனிக்கிறது. சிலிண்டரை வண்டியில் அசையாதபடி முட்டுக் கொடுத்து, ஒன்றோடொன்று மோதாமல், விழாமல் கட்ட வேண்டும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. வண்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வண்டிக்குள் கூர்மையான முனைகள் இருக்கக் கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருளோடும் அரிக்கும் பொருளோடும் சேர்த்து ஏற்றக் கூடாது. எரியும் வாயுவையும் மற்ற வாயுக்களையும் ஒரே வண்டியில் கலக்கக் கூடாது. விஷ வாயு, அரிக்கும் வாயு சிலிண்டர்களை உணவுப் பொருளோடு ஏற்றவே கூடாது. மளிகைக்காரர்களாகிய நாம் இந்தக் கடைசி விதியை மனப்பாடம் செய்ய வேண்டும்.

இதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. சைக்கிளிலோ மோட்டார் இருசக்கர வண்டியிலோ சிலிண்டரை எடுத்துச் செல்லக் கூடாது. டி.வி.எஸ். 50-யில் முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகச் சிலிண்டர் போகிற காட்சியை நம்மில் பார்க்காதவர் யார்? பார்த்துப் பார்த்துப் பழகிப்போய் அது விதிமீறல் என்பதே மறந்துவிட்டது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்ஸிஜன் சிலிண்டர்களை லோடு ஆட்டோவில் படுக்கப் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் பறந்தார்கள். உயிர் போகிற அவசரம், அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் சோடாக் கடைக்கு என்ன அவசரம்?

இன்ஷூரன்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் நாம் நன்றாக அடிபட்டோம். சரக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிற ஆளுக்கு ஏதாவது ஆனால் வண்டி இன்ஷூரன்ஸ் கொடுக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தத்தின்படி, சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியோ வண்டியில் வந்தால் இன்ஷூரன்ஸ் பொறுப்பு உண்டு. சும்மா ஏறிக்கொண்டு வருகிற ஆளுக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரக்கின் சொந்தக்காரர் என்றாலும் அவர் டிரைவர் கேபினில் வந்திருக்க வேண்டும் என்று 2007-ல் இன்னொரு தீர்ப்பு. நம் பையன் வண்டி முதலாளியின் ஆளும் இல்லை, கேபினிலும் இல்லை. சம்பளப் பட்டியலில் அவன் பெயர் இருந்ததா என்று கேட்டார்கள். தினக்கூலிக்கு நாம் எந்தப் பட்டியலை எழுதினோம்? இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். கோபம் வந்தது உண்மை. ஆனால் நிதானமாக யோசித்தால் அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை, நாம் செய்ததுதான் தப்பு. இப்போது நம் கடையில் லோடுமேன் உட்பட எல்லோர் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுக்குத் தனி பாலிசி எடுத்திருக்கிறோம். பிரீமியம் கட்டும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

சரி, ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி ஏற்றுவது?

கம்ப்ரஸராக இருந்தால் முதல் காரியம் காற்றைத் திறந்து விடுவது. மீட்டர் முள் சுத்தமாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பிறகு அடிக்குழாயைத் திறந்து தண்ணீரையும் வடித்து, வீடு சேரும் வரை அதைத் திறந்தே வைக்கலாம். "திரும்ப நிரப்பக் கரண்ட் செலவாகும்" என்று ஒரு பஞ்சர் கடைக்காரர் நம்மிடம் சொன்னார். பத்து நிமிஷம் மோட்டார் ஓடுகிற கரண்ட். காற்றில்லாத டேங்க் விழுந்தால் கால் முறியும், அவ்வளவுதான். காற்றோடு விழுந்தால் அதற்கு மேலும் நடக்கும். காற்றைத் திறக்காத கம்ப்ரஸரை ஏற்றவே மாட்டேன் என்று டிரைவர் சொல்ல வேண்டும். டிரைவர் சொல்லாவிட்டால் சரக்குக்காரராகிய நாம் சொல்ல வேண்டும்.

அடுத்தது, கம்ப்ரஸர் தலைக்கனம் பிடித்த சாமான். மோட்டாரும் ஹெட்டும் மேலே உட்கார்ந்திருக்கின்றன, கீழே இருப்பது வெறும் காலி டேங்கும் சின்னச் சக்கரமும். வளைவில் திரும்பினாலே சாயும். அதனால் அதைப் பின் கதவு ஓரம் வைக்காமல், கேபினை ஒட்டிய முன் தகட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டு. கட்டுகிற பெல்ட்டு டேங்கின் மேலும் அடிச்சட்டத்தின் மேலும் போக வேண்டும். காற்றுக் குழாய், ஃபேன்பெல்ட் கூடு, மோட்டார் இவற்றின் மேல் போட்டு இறுக்கினால் அவை நசுங்கும், கட்டும் தளர்ந்துவிடும். இரண்டு பெல்ட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக, தரையில் இருக்கிற கொக்கியில் மாட்டி இறுக்க வேண்டும்.

கயிறு வேண்டாமா என்றால், வேண்டாம். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் இற்றுப்போகும், தகட்டு ஓரத்தில் உராய்ந்து நைந்துபோகும். நைலான் கயிறு இழுபட்டு நீளும். கிளம்பும்போது இறுக்கமாக இருந்தது நாலு கிலோமீட்டரில் தொளதொளவென்று ஆகியிருக்கும். லாரிக்காரர்கள் உபயோகிக்கிற ராட்செட் பெல்ட்டு எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிறது. நாம் வாங்கிய நான்கும் சேர்த்து ஒரு 15 கிலோ எண்ணெய் டின்னின் விலைக்குள் முடிந்தது. அதுவும் ஓரம் நைந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பெல்ட்டில் முடிச்சுப் போடக் கூடாது. போட்டால் பலம் பாதியாகிவிடும் என்கிறார்கள்.

எவ்வளவு பலமாகக் கட்டுவது என்பதற்கு ஐரோப்பிய நாடுகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிரேக் போடும்போது சரக்கின் எடையில் நூற்றுக்கு எண்பது பங்கு விசை முன்னோக்கித் தள்ளும் என்றும், வளைவிலும் பின்னோக்கியும் ஐம்பது பங்கு தள்ளும் என்றும் வைத்துக்கொண்டு அதைத் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும் என்பது அவர்கள் விதி. நூறு கிலோ கம்ப்ரஸர் என்றால் எண்பது கிலோ ஆள் ஒருவர் முழு பாரத்தோடு முன்னால் தள்ளுகிற மாதிரி. இருபது வயதுப் பையன் பிடித்துக்கொள்வானா என்பதற்கு இதுவே பதில். அரிசி மூட்டைக்கு இந்தத் தொல்லை குறைவு. அது அமுங்கி, பரவி, தரையைப் பிடித்துக்கொள்கிறது. உருண்டையான இரும்புக்கு அந்தக் குணம் கிடையாது. மூட்டை மேல் மூட்டை அடுக்குகிற வழக்கத்திலேயே நாம் சிலிண்டரையும் அடுக்கிவிடுகிறோம்.

சிலிண்டராக இருந்தால், வால்வுக்கு மூடி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மூடி இல்லாத உயர அழுத்தச் சிலிண்டர் விழுந்து வால்வு முறிந்தால், இரும்பு ராக்கெட்டாகப் பறக்கும். செங்கல் சுவர் தடுக்காது. ரெகுலேட்டரைக் கழற்றாமல் ஏற்றவே கூடாது. சமையல் கேஸும், வெல்டிங்குக்கான அசிட்டிலினும் நின்ற நிலையில்தான் இருக்க வேண்டும், படுக்கப் போடக் கூடாது. ஆக்ஸிஜன், கரியமில வாயு இவற்றையும் நிற்க வைப்பதே நல்லது. ஆனால் குட்டி யானையின் பக்கப் பலகை முழங்கால் உயரம், சிலிண்டரோ தோள் உயரம். ஆகவே கேபினுக்குப் பின்னால் ஆங்கிள் இரும்பில் ஒரு கூண்டு அடித்து, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு பெல்ட்டு, மூன்றில் இரண்டு பங்கில் இன்னொன்று போட வேண்டும். கூண்டு இல்லையென்றால் முன் தகட்டை ஒட்டிக் குறுக்காகப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் ஆப்பு அடித்துக் கட்டலாம். நீளவாக்கில், வால்வு கேபினைப் பார்க்கிற மாதிரி வைக்கக் கூடாது. டிரைவர் முதுகுக்குத் துப்பாக்கி வைத்த மாதிரி அது.

நாலு பக்கமும் மூடிய வண்டியில் ஏற்றுவதும் ஆபத்து. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். கரியமில வாயுவும் அப்படியே. வாசனை கிடையாது, ஆள் மூச்சுத் திணறி விழும் வரை தெரியாது.

இவ்வளவையும் நம் வட்டாரத்துக் கடைக்காரர்கள் சிலரிடம் பேசியபோது வந்த பதில்களையும் எழுதுவதுதான் நியாயம். "அண்ணாச்சி, முப்பது வருஷமா ஏத்துறோம், ஒண்ணும் ஆனதில்லையே" என்றார் ஒரு மளிகைக்காரர். நமக்கும் முப்பது வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் ஆனது. இன்னொருவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "தனி வண்டி பிடிச்சா சோடாக் கடைக்காரனுக்கு வாடகையே வியாபாரத்தைத் தின்னுடும். பெரிய கம்பெனிக்காரன் கூண்டு வண்டியில அனுப்புவான், சின்னவன் என்ன செய்வான்?" என்றார். உண்மைதான். விதிகளை எழுதுகிறவர்கள் குட்டி யானையைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்று நமக்கும் சந்தேகம் உண்டு. அபாயகரமான சரக்கு ஏற்றும் டிரைவருக்குத் தனிப் பயிற்சிச் சான்று வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. நம் பக்கத்துச் சின்ன வண்டி டிரைவர்களில் நாம் கேட்ட ஒருவரிடமும் அது இல்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

ஆகவே ஏற்றாதே என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. நம் கருத்து இதுதான். உணவுச் சரக்கோடு சிலிண்டரைக் கலப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். இதில் சலுகையே கூடாது. அதற்கு ஈடாக, சிலிண்டர் தேவைப்படுகிற கடைக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள், கூண்டு அடித்த ஒரே வண்டியில் எடுத்துக்கொண்டால் வாடகை இப்போது ஆவதைவிட அதிகமாகாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம். அதுவும் ஒரே வகை வாயுவாக இருக்க வேண்டும். மே 5 வணிகர் தினத்துக்கு வண்டி ஏற்பாடு செய்ய நமக்குத் தெரிகிறது, இதற்குத் தெரியாதா?

இரண்டாவது, வண்டியின் பின்னால் ஆள் உட்காருவது. லோடுமேன் கேபினில் வரட்டும், இடமில்லையென்றால் பஸ்ஸிலோ ரயிலிலோ வரட்டும். கூடுவாஞ்சேரியிலிருந்து பொத்தேரிக்கு மின்சார ரயிலில் எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த டிக்கெட் காசைக் கொடுக்க மனமில்லாமல்தானே மூட்டை மேல் ஏறி உட்காரச் சொல்கிறோம். இதை எழுதும்போது நமக்கே வெட்கமாக இருக்கிறது. இந்த விஷயத்தில் டிரைவர் மேல் பழி போட நாம் தயாராக இல்லை. வாடகை கொடுக்கிறவர் சொல்கிறபடிதான் அவர் செய்கிறார். "ஆள் பின்னால் இருந்தால் சரக்கை இறக்க மாட்டேன், கூலியும் தர மாட்டேன்" என்று ஐந்து மொத்தக் கடைக்காரர்கள் சொன்னால் ஒரே மாதத்தில் இந்தப் பழக்கம் நின்றுவிடும். போலீஸ் வேண்டியதில்லை.

மூன்றாவதாக, வண்டித் தரையில் கொக்கி. பல சின்ன வண்டிகளில் பெல்ட்டு மாட்டக் கொக்கியே இல்லை; பக்கப் பலகையின் கொண்டியில் கயிற்றைக் கட்டுகிறார்கள். அந்தக் கொண்டி பலகையைப் பூட்டத்தான், பாரத்தைத் தாங்க அல்ல. தரைத் தகட்டில் மட்டும் பற்றவைத்தாலும் பிய்ந்துகொண்டு வரும். அடிச் சட்டத்தோடு சேர்த்துப் போல்ட் போட வேண்டும்.

நம் பையன் இப்போது மூட்டை தூக்குவதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடுகிறான், கம்ப்யூட்டரும் நன்றாகவே பழகிவிட்டான். மழைக்காலத்தில் கால் வலிக்கிறது என்பான். வண்டி வந்து நின்றதும் அவன்தான் முதலில் எழுந்து போய்ப் பின்னால் எட்டிப் பார்க்கிறான். போன மாதம் ஒரு வண்டியில் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒரு சிலிண்டர் இருந்ததைப் பார்த்துவிட்டு, சரக்கை இறக்கவிடாமல் திருப்பி அனுப்பினான். டிரைவர் நமக்குப் போன் போட்டு, "என்ன அண்ணாச்சி, உங்க பையன் ரொம்பப் பேசுறான்" என்றார். பேசட்டும் என்றோம். அன்று மத்தியானம் பருப்பு இல்லாமல் இரண்டு மெஸ்காரர்களிடம் நாம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அடுத்த மாதச் செயற்குழுவில் கூண்டு வண்டி விஷயத்தை வைக்கப் போகிறோம். சோடா, ஜூஸ், பேக்கரி நடத்தும் அன்பர்கள் தங்களுக்கு மாதம் எத்தனை சிலிண்டர், என்ன வாயு என்று ஒரு சீட்டில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தால் கணக்குப் போட வசதியாக இருக்கும். கொக்கி போடுவதற்கு ஒரு வெல்டிங் பட்டறைக்காரரிடம் பேசியிருக்கிறோம். நம் குடோன் வாசலுக்கே வந்து போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலி வண்டிக்காரருடையது, கொக்கியும் போல்ட்டும் நம் செலவு. வியாழக்கிழமைதோறும் கடை மூடிய பிறகு வண்டியைக் கொண்டுவரலாம். டீ உண்டு.